கரிசலில் கேமராவின் கண்: ஒளிப்படம் பழகுவோருக்கு ஃபோகஸும் காட்சி அமைப்பும்

மதுரையிலிருந்து தெற்கே போகும் ரயில் சாத்தூரைத் தாண்டியதும் இருபுறமும் மண் கறுத்துவிடுகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை, திட்டுத் திட்டாக வேலிக்கருவை, தூரத்தில் ஒரு குன்று, மீதியெல்லாம் வானம். புதிதாகக் கேமரா வாங்கிய ஒருவர் கோவில்பட்டியில் இறங்கி, எட்டயபுரம் சாலையில் கொஞ்ச தூரம் நடந்து, நூறு படம் எடுத்துத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது அநேகமாக இரண்டு குறைகள் அவர் கண்ணில் படும். துலக்கமாக இருக்க வேண்டியது மங்கியிருக்கும். பின்னால் நிற்கும் கருவேலமுள் துல்லியமாகத் தெரியும். நேரில் நெஞ்சை நிறைத்த அந்த வெளி, படத்தில் ஒரு கறுப்புப் பட்டையும் ஒரு வெள்ளைப் பட்டையுமாகச் சுருங்கிக் கிடக்கும்.

முதலாவது ஃபோகஸ் பிழை, இரண்டாவது காட்சி அமைப்பின் பிழை. பாடநூல்களும் பயிலரங்குகளும் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களாகக் கற்பிக்கின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் முடிவு: ‘இந்தப் படத்தில் எது முக்கியம்?’ என்ற கேள்வியைக் கேட்காமலே ஷட்டரை அழுத்திவிடுகிறோம். அந்தக் கேள்விக்குக் கருவி சொல்லும் விடை ஃபோகஸ். சட்டகம் சொல்லும் விடை காட்சி அமைப்பு. ஒளிந்துகொள்ள இடமே தராத கரிசல் வெளி, இந்த உண்மையைக் கற்க மிக நல்ல பள்ளிக்கூடம்.

கோவில்பட்டியின் படக்கலை மரபு

தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன கோவில்பட்டிக்கு, படம் பார்க்கத் தமிழர்களைப் பழக்கிய பெருமையும் உண்டு. ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்தவர். 1940களில் இந்த ஊரில் தங்கிவிட்டார். சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களின் வழியே நாள்காட்டிகளாகித் தமிழ்நாட்டின் சுவர்களில் எல்லாம் ஏறின.

அந்தப் படங்களின் அமைப்பைக் கவனித்தால் ஒரு தீர்மானம் தெரியும். தெய்வம் நட்டநடுவில் நிற்கும். முகம் நேரே நம்மைப் பார்க்கும். பின்னணியில் அருவி, கோபுரம், மயில் என எத்தனை இருந்தாலும் பார்வை முகத்துக்கே திரும்பி வரும். வணங்குபவரும் வணங்கப்படுபவரும் கண்ணோடு கண் சந்திக்க வேண்டும் என்பதுதான் அந்தப் படத்தின் பயன். அதற்கேற்றபடி அமைப்பு வந்தது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் எடுத்த கல்யாணப் படங்களையும் குடும்பப் படங்களையும் பாருங்கள்: வரைந்த திரைச்சீலைக்கு முன்னால், நடுவில், நேர்ப்பார்வையில் மனிதர்கள் நிற்பார்கள். ஓவியமும் ஒளிப்படமும் ஒரே இலக்கணத்தைப் பகிர்ந்துகொண்டன.

கொண்டையராஜு இளமையில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கியிருந்தவர். பின்னாளில், 1950 ஏப்ரலில், ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுக்க அதே ஆசிரமத்துக்கு வந்தார் பிரெஞ்சு ஒளிப்படக்கலைஞர் ஆன்றி கார்ட்டியே பிரசோன். அவர் மனிதர்களை நிறுத்தி வைத்து எடுப்பவர் அல்லர். கைக்கடக்கமான லைகா கேமராவில், பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸோடு, காட்சியின் கூறுகள் எல்லாம் ஓர் ஒழுங்குக்குள் வந்து சேரும் கணத்துக்காகக் காத்திருப்பவர். ஒருவர் காட்சியைக் கட்டியெழுப்பினார். மற்றவர் காட்சி தானே கூடிவரக் காத்திருந்தார். இந்த இரண்டு வழிகளும் தெரிந்திருப்பவருக்கே ஓர் இடத்தில் எது பொருந்தும் என்று தெரியும்.

ஃபோகஸ் என்பது ஒரு கண்ணாடிச் சுவர்

லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தூரத்தைத்தான் முழுத் தெளிவோடு காட்டும். கேமராவுக்கு எதிரே, அதற்கு இணையாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடிச் சுவர் நிற்பதாக எண்ணிக்கொள்ளலாம். ஃபோகஸ் செய்வது என்றால் அந்தச் சுவரை முன்னும் பின்னும் நகர்த்துவது. சுவரில் படுவது தெளிவு. அதைவிட்டு விலக விலக மங்கல். எவ்வளவு விலகும் வரை கண்ணுக்கு இன்னும் தெளிவாகவே தெரிகிறது என்பதுதான் புல ஆழம். ஒரே கேமராவில் அதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: அபர்ச்சர் என்னும் ஒளித்துளை, லென்ஸின் குவிய நீளம், பொருளின் தூரம்.

கணக்கைப் பார்த்தால் இது மனத்தில் நிற்கும். தொடக்கநிலைக் கேமராக்களில் பரவலாக உள்ள ஏ.பி.எஸ்.சி. அளவு சென்சாரில், 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து, 2 மீட்டர் தூரத்தில் உள்ள ஒரு முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் பகுதி முன்னும் பின்னுமாகச் சேர்த்து ஏறக்குறைய 11 செ.மீ. மட்டுமே. 1 மீட்டருக்கு நெருங்கினால் 3 செ.மீ. கூடத் தேறாது. மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் கண் போய்விடும். அதே கேமராவில் 18 மி.மீ. வைத்து, எஃப் 8இல், 2 மீட்டருக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் செய்தால், 1 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாமே ஏற்கத்தக்க தெளிவோடு வரும். இப்படி ஃபோகஸ் வைக்கும் தூரத்தை ஹைப்பர்ஃபோகல் தூரம் என்பார்கள். காலடியில் வெடித்த கரிசலையும் கடைக்கோடியில் நிற்கும் குன்றையும் ஒரே படத்தில் வைக்க ஆசைப்படுபவர் மனப்பாடம் செய்ய வேண்டிய எண் இது. தொடுவானத்தில் ஃபோகஸ் வைத்தால் காலடி மண் போய்விடும். காலடியில் வைத்தால் குன்று போய்விடும். இடையில், அந்த 2 மீட்டருக்குச் சற்று அப்பால் வைத்தால் இரண்டும் நிற்கும்.

தெளிவு வேண்டும் என்று எஃப் 22 வரை மூடிவிடுவதும் சரியில்லை. துளை மிகச் சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து, படம் முழுதும் சற்றே மென்மையாகிவிடும். எஃப் 8 முதல் எஃப் 11 வரை நிலக்காட்சிக்குப் போதும்.

செல்போனின் சென்சார் மிகச் சிறியது. அதனால் அதில் புல ஆழம் இயல்பாகவே மிகுதி; எல்லாமே தெளிவாக விழும். போர்ட்ரெயிட் முறையில் வரும் மங்கல் பெரும்பாலும் கணக்கிட்டுப் பூசிய மங்கல். கம்மல், முடியிழை, கம்புக் கதிர் போன்ற நுண்ணிய விளிம்புகளில் அது தடுமாறும். ஆகவே செல்போனில் எடுப்பவர் முக்கியமானதை மங்கலால் பிரித்துக் காட்ட முடியாது. இடத்தாலும் ஒளியாலும்தான் பிரித்துக் காட்ட வேண்டும். அது ஒரு நல்ல பயிற்சி.

கருவி எப்படித் தேடுகிறது

துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, மங்கிய கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைப் பார்த்துத்தான் பழைய ஸ்டூடியோக்காரர்கள் ஃபோகஸ் செய்தார்கள். 1977இல் வந்த கோனிகா சி35 ஏ.எஃப். கேமரா அந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்தது. 1985இல் மினோல்டா 7000 வந்தபின் எஸ்.எல்.ஆர். கேமராக்களிலும் தானியங்கி ஃபோகஸ் வேரூன்றியது. வேலை கை மாறியது; எங்கே என்று சொல்லும் பொறுப்பு மட்டும் இன்றுவரை நம்மிடமே இருக்கிறது.

தானியங்கி ஃபோகஸில் அடிப்படை முறைகள் இரண்டு. ஒன்று, லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று அறிவது. மற்றது, லென்ஸை முன்னும் பின்னும் ஆட்டி, விளிம்புகள் எங்கே மிகவும் கூர்மையாகின்றன என்று தேடுவது. இரண்டுக்கும் தேவை ஒரு விளிம்பு: கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் ஒரு கோடு. அது இல்லாத இடத்தில் கருவி தவிக்கும். மழையில் நனைந்து ஒரே கறுப்பாகக் கிடக்கும் கரிசலிலும், பொழுது சாய்ந்த பின்னும் லென்ஸ் இங்குமங்கும் ஓடி நிற்காமல் போவது இதனால்தான். புள்ளியை மண்ணின் நடுவில் வைக்காதீர்கள். வெடிப்பின் உதட்டிலோ, வரப்புப் புல்லிலோ, ஆளின் வெள்ளைத் துண்டு மண்ணோடு சேரும் ஓரத்திலோ வையுங்கள். உடனே பிடித்துக்கொள்ளும்.

பழகுபவர் மாற்ற வேண்டிய முதல் அமைப்பு ஒன்று உண்டு. கேமரா தானே எல்லாப் புள்ளிகளிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் முறையை நிறுத்திவிட்டு, ஒற்றைப் புள்ளி முறைக்கு மாறுங்கள். விட்டுவிட்டால் அது பெரும்பாலும் மிக அருகில் உள்ளதையோ, விளிம்பு அதிகம் உள்ளதையோ பிடிக்கும். கருவேல வேலிக்கு அப்பால் ஆடு மேய்ப்பவரை எடுக்கும்போது முள் துலங்கி மனிதர் மங்குவது அதனால்தான்.

நிற்கும் பொருளுக்கு ஒரு முறை, ஓடும் பொருளுக்கு வேறு முறை. நிக்கான், சோனி கேமராக்களில் முன்னதற்கு ஏ.எஃப்.எஸ்., பின்னதற்கு ஏ.எஃப்.சி. என்று பெயர்; கேனானில் ஒன் ஷாட், சர்வோ. கோவில்பட்டி ஹாக்கிக்கும் பேர்போன ஊர். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு நாடெங்கிலுமிருந்து அணிகள் வருகின்றன. மைதானத்தின் ஓரத்தில் நின்று, தொடர் ஃபோகஸ் முறையில், வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகத்தில், ஓர் ஆட்டக்காரரை மட்டும் தொடர்ந்து பின்பற்றிப் பழகினால், புத்தகம் தர முடியாத பாடம் ஒரே மாலையில் கிடைக்கும். பந்தைத் துரத்தாதீர்கள்; மட்டையோடு வருபவரின் மார்பில் புள்ளி நிற்கட்டும்.

கடைவீதிக்கு வேறொரு பழைய வழி பொருந்தும். 24 மி.மீ. லென்ஸ், எஃப் 8, ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஏறக்குறைய 1.6 மீட்டரிலிருந்து 18 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும். பிறகு ஃபோகஸை மறந்துவிட்டு முகங்களையும் அசைவுகளையும் மட்டும் கவனிக்கலாம். தெருவில் எடுத்த பழைய கலைஞர்கள் பலரும் தூரத்தை இப்படி முன்கூட்டியே அமைத்துக்கொண்டார்கள்.

நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடி கேமராவைத் திருப்பிச் சட்டகம் அமைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. தூரக் காட்சிக்கு அதனால் கெடுதல் இல்லை. நெருங்கிய முகத்துக்கு அது பிழையாகும். கேமராவைத் திருப்பும்போது அந்தக் கண்ணாடிச் சுவரும் சேர்ந்து திரும்புகிறது. 1 மீட்டர் தூரத்தில் 10 பாகை திருப்பினாலே தெளிவு ஒன்றரை செ.மீ. பின்னால் போய்விடும், 50 மி.மீ. எஃப் 1.8இல் கண் மங்குவதற்கு அது போதும். புள்ளியையே கண்ணுக்கு நகர்த்திவிடுவது நல்லது.

மங்கலைப் படித்தறிதல்

‘படம் ஷேக் ஆயிடுச்சு’ என்ற ஒரே சொல்லில் எல்லா மங்கலையும் அடக்கிவிடுகிறோம். மங்கலுக்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம், தனி மருந்து.

படத்தில் வேறேதாவது ஓரிடம் துல்லியமாக இருந்தால் அது ஃபோகஸ் தவறியது. படம் முழுதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுங்கியது. குவிய நீளத்துக்குக் குறையாத வேகம் வேண்டும் என்பது பழைய விதி: 200 மி.மீ. லென்ஸுக்கு இருநூறில் ஒரு பங்கு வினாடி. சிறிய சென்சாருக்கு முந்நூறில் ஒரு பங்கு. நிலம் துலக்கமாக இருந்து கம்புக் கதிர் மட்டும் கலைந்திருந்தால் அது காற்றின் வேலை. ஐந்நூறில் ஒரு பங்குக்கு ஏற்றுங்கள். எல்லாமே பால் படிந்தாற்போல் இருந்தால் லென்ஸில் புழுதி, அல்லது செல்போனில் விரல் எண்ணெய். கரிசல் புழுதி மாவுபோல் நுண்ணியது. உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதிவிட்டுப் பிறகு துடைக்க வேண்டும்.

கடைசி வகை இந்த மண்ணுக்கே உரியது. தூரத்து உருவங்கள் நெளிந்து, கோடுகள் அலைபோல் வளைந்திருந்தால் அது கானல். கறுத்த மண் வெயிலை மிகுதியாக உறிஞ்சி, மேலே உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடும் குளிர்ச்சியும் கலந்த காற்றில் ஒளி வளைந்து வளைந்து வருகிறது. பங்குனி, சித்திரை நண்பகலில் 300 மி.மீ. லென்ஸால் அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒருவரை எடுத்தால், எவ்வளவு விலையுயர்ந்த கேமராவும் தோற்கும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. நெருங்கிப் போக வேண்டும், உயரத்திலிருந்து எடுக்க வேண்டும், அல்லது விடிந்ததும் வர வேண்டும்.

கறுப்பைக் கறுப்பாக எடுத்தல்

கேமராவின் ஒளி அளவி, தான் காணும் எதையும் நடுத்தரச் சாம்பலாகக் கருதுகிறது. சட்டகம் நிறைய ஈரக் கரிசல் இருந்தால் ‘இருட்டு’ என்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடும். கரிசல் வெளிறிச் சிமெண்டுத் தரைபோல் வரும். ஒளியளவை ஈடுசெய்யும் அமைப்பில் ஒரு படி குறையுங்கள். செல்போனில் ஃபோகஸ் புள்ளியைத் தொட்டபின் ஒளிக்கோட்டைக் கீழே இழுங்கள். வெள்ளை வேட்டி, வெடித்த பருத்தி, பளீரென்ற வானம் ஆகியவை சட்டகத்தை நிறைத்தால் இதற்கு மாறாக நடக்கும்: கறுத்த முகம் இன்னும் இருண்டுபோகும். வெயிலில் உழைத்துக் கறுத்த முகத்துக்கு ஒளி சரியாக அமைய வேண்டுமானால் முகத்தையே அளக்க வேண்டும். இதைத் தொழில்நுட்பமாக மட்டும் நான் கருதவில்லை. ஒருவரின் நிறத்தை உள்ளபடி காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை.

முதல், கரு, உரி

காட்சி அமைப்பைப் பற்றிப் பேசும்போது நாம் உடனே மேற்கத்திய ஓவிய விதிகளைத் தேடுகிறோம். காட்சியைப் பகுத்துப் பார்க்கத் தொல்காப்பியம் தரும் சட்டகம் நம்மிடமே இருக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்து மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில். உரிப்பொருள் அங்கே நிகழும் மன உணர்வு. மூன்றில் உரியே தலையாயது.

படம் எடுப்பவருக்கு இது நேராகப் பயன்படும். நிலமும் பொழுதும் என்றால் பின்னணியும் ஒளியும். பாலைக்கு நண்பகலையும் வேனிலையும், முல்லைக்கு மாலையையும் மருதத்துக்கு விடியலையும் வைத்த மரபு நம்முடையது. நிலத்துக்கு ஒரு வேளை உண்டு என்று ஒளிப்படம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தது. கரு என்றால் சட்டகத்துக்குள் சேர்க்கும் பொருள்கள். உரி என்றால் அந்தப் படத்துக்கான காரணம்.

தொடக்கக்காரரின் படம் பெரும்பாலும் முதலிலும் கருவிலும் நின்றுவிடுகிறது: அழகான வானம், ஒரு பனை, ஓர் ஆட்டுக்கிடை. உரி இல்லை. ஷட்டரை அழுத்துமுன் ஒரு சொல்லில் அந்த உணர்வைச் சொல்லிப் பாருங்கள்: காத்திருப்பு, அசதி, தனிமை, பெருமிதம். மழைக்குக் காத்திருக்கும் சம்சாரி என்றால், வானமும் அவர் அண்ணாந்த முகமும் வேண்டும். பக்கத்தில் நிற்கும் டிராக்டர் வேண்டாம். சொல் கிடைத்ததும் எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது, எங்கே ஃபோகஸ் வைப்பது என்ற மூன்றுக்கும் விடை சேர்ந்தே வந்துவிடும். உரி எங்கே இருக்கிறதோ அங்கே கூர்மை விழ வேண்டும்.

தொடுவானத்தை எங்கே வைப்பது

சமவெளியில் படத்தை ஆளும் கோடு தொடுவானம். அதை மேலே வைத்தால் படம் மண்ணைப் பற்றியது; கீழே வைத்தால் வானத்தைப் பற்றியது. சித்திரை, வைகாசியில் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும்போது கேமராவைத் தரையோடு தாழ்த்தி, தொடுவானத்தை மேல் விளிம்புக்கு அருகே தள்ளலாம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை மேகம் திரண்டு நிற்கும்போது மண்ணை ஒரு கீற்றாகச் சுருக்கிவிட்டு வானத்துக்கு இடம் கொடுக்கலாம். நடுவில் வைப்பது பிழை என்பார்கள். நிறைந்த கண்மாயில் வானம் அப்படியே விழும் காலையில் நடுவே சரி.

மேகமற்ற வெளிறிய வானம் பழைய தொல்லை. 1858இல் மதுரையைப் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் காலத்து நெகட்டிவ்களில் வானம் வெறுமையாகவே விழுந்தது. சிலவற்றில் அவர் கையாலேயே மேகம் வரைந்து சேர்த்தார். நமக்கு எளிய வழி உண்டு: வானத்தில் ஒன்றுமில்லை என்றால் அதைச் சட்டகத்திலிருந்து வெளியேற்றுங்கள்.

தட்டையான நிலத்துக்கு ஆழம் தருவது முன்னிலைப் பொருளும் கோடுகளும். உழவுச்சால், வண்டித்தடம், பனை வரிசை, ரயில் தண்டவாளம் ஆகிய கோடுகள் கண்ணை இழுத்துக்கொண்டு போகும். அவை போய்ச் சேரும் இடத்தில் ஏதாவது இருக்க வேண்டும். வெறுமையில் முடியும் பாதை ஏமாற்றமே. கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளை எடுக்கும்போது, அருகே ஒரு வேம்போ மனிதரோ இல்லாவிட்டால் அவற்றின் உயரம் தெரியாது. அளவைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

கழுகுமலை வெட்டுவான் கோயில் இன்னொரு பாடம் தரும். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கி, முடிக்காமலே விட்ட கோயில் அது. விமானத்தை மட்டும் சட்டகத்தில் அடைத்தால் எங்கோ கட்டிய இன்னொரு கோயில்போலத் தோன்றும். சுற்றிலும் வெட்டி விட்ட பாறைச் சுவரையும் சேர்த்தால்தான் மலைக்குள்ளிருந்து அது வெளிப்பட்ட அதிசயம் புரியும். அங்குள்ள சமணச் சிற்பங்களுக்கோ பக்கவாட்டில் சாயும் வெயில் வேண்டும். நேர் ஒளியில் செதுக்கல் தட்டையாகிவிடும்.

மூன்றில் ஒரு பங்கு விதி: எவ்வளவு தூரம் சரி?

சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டும் இடங்களில் முக்கியப் பொருளை வை என்பது இன்று எல்லோரும் சொல்லும் விதி. 1797இல் ஆங்கில ஓவியர் ஜான் தாமஸ் ஸ்மித் நாட்டுப்புறக் காட்சிகள் பற்றிய தம் நூலில் எழுதிய மூன்றில் ஒரு பங்கு விகிதக் கருத்திலிருந்து வளர்ந்தது அது. எல்லாவற்றையும் நடுவில் குத்தி வைக்கும் பழக்கத்திலிருந்து விடுவிப்பதால், பழகுபவருக்கு அது நல்ல ஊன்றுகோல். நடப்பவருக்கு முன்னே இடம் விடுவதும், பார்ப்பவரின் பார்வை செல்லும் பக்கம் வெளி விடுவதும் அதோடு சேர்ந்து வரும் நல்ல பழக்கங்கள்.

சட்டமாக்கிவிட்டால் அது கெடுதலாகும். கொண்டையராஜுவின் முருகனை மூன்றில் ஒரு பங்குக்கு நகர்த்திப் பாருங்கள், தரிசனமே போய்விடும். நேருக்கு நேர் பார்க்கும் முகம், கோயில் வாசல், சாமியாடும் கோமரத்தாடி, தனித்த ஒற்றைப் பனை ஆகியவை நடுவில் நிற்கத் தகுதியுள்ளவை. என் தீர்ப்பு இது: ஒன்றோடு ஒன்று உறவாடும் காட்சிக்கு ஓரம், நம்மோடு நேரே உறவாடும் காட்சிக்கு நடு.

இதைவிட அடிக்கடி நேரும் பிழை பின்னணியில் இருக்கிறது. தலையிலிருந்து முளைத்த கரண்டுக் கம்பம், கழுத்தை அறுக்கும் தொடுவானம், தோளுக்குப் பின்னே ஃபிளெக்ஸ் போர்டு. ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தாலோ, முழங்காலிட்டாலோ தீர்ந்துவிடும். அழுத்துமுன் சட்டகத்தின் நான்கு மூலைகளையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள்.

மனிதர் முன் கேமரா

சிலையில் கடைசியாகத் திறப்பது கண். ஸ்தபதி அதுவரை செய்த வேலை எல்லாம் அந்தக் கணத்தில்தான் உயிர் பெறும். முகப் படத்திலும் அப்படியே: நமக்கு அருகில் உள்ள கண்ணில் ஃபோகஸ் விழ வேண்டும். மற்றது மங்கினாலும் படம் பேசும். இன்றைய கேமராக்கள் கண்ணைத் தாமே கண்டுபிடிக்கின்றன. குழுவில் யாருடைய கண் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் முதிய முகம் வாசகர் மனத்தில் பதிந்திருப்பதில் ஒளிப்படக்கலைஞர் புதுவை இளவேனில் எடுத்த படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரே முகத்தை ஆண்டுக்கணக்கில் பழகி எடுத்ததால் வந்த நெருக்கம் அவற்றில் தெரியும்.

தீப்பெட்டி ஆபீஸுக்குள் ஜன்னல் வெளிச்சத்தில் வேலை செய்யும் பெண்களின் கைகளை எடுக்க யாருக்கும் ஆசை வரும். வேதிப்பொருள் உள்ள இடம் அது. உரிமையாளர் அனுமதியும் பாதுகாப்பு விதியும் முதலில். அதற்கும் மேலாக, உழைப்பவரின் சம்மதம். ‘அக்கா, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?’ என்று கேட்டு, வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள், முடிந்தால் ஒரு பிரதி அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். களத்தில் காயும் மிளகாய் வற்றலை அழகுக்காகக் கலைக்கச் சொல்வதும், வெயிலில் ஒரு பாட்டியை மறுபடி மறுபடி நடக்கவைப்பதும் படக்கலை ஆகாது.

நான்கு வாரப் பயிற்சி

முதல் வாரம் ஒரே லென்ஸ், ஒற்றைப் புள்ளி ஃபோகஸ். தினம் பத்துப் படங்கள். ஒவ்வொன்றிலும் கூர்மை எங்கே விழ வேண்டும் என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுங்கள். இரண்டாம் வாரம் ஒரே பொருளை, ஒரு வேம்பையோ கிணற்றையோ, விடியல், நண்பகல், மாலை என மூன்று வேளையில் எடுங்கள். மூன்றாம் வாரம் ஒவ்வொரு காட்சியையும் மூன்றுமுறை எடுங்கள்: நடுவில், ஓரத்தில், மிக நெருங்கி. நான்காம் வாரம் மனிதர்கள். அனுமதியோடு, பேசிப் பழகி.

வாரக் கடைசியில் தவறியவற்றை அழிப்பதற்கு முன், எந்த வகை மங்கல், எந்த வகைப் பின்னணிப் பிழை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே தவறு திரும்பத் திரும்ப வருவது தெரியும். அதைச் சரிசெய்வதே அடுத்த வாரத்துப் பாடம்.

கேமராவுக்குச் செலவழிக்க வசதியில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். இங்கே சொன்னவற்றில் பெரும்பகுதிக்கு ஒரு செல்போனும் காலையில் எழும் பழக்கமும் போதும். கரிசல் பூமி புரட்டாசி விதைப்பில் ஒரு முகம், மார்கழிப் பச்சையில் ஒரு முகம், மாசி அறுவடையில் ஒரு முகம், சித்திரை வெடிப்பில் ஒரு முகம் காட்டுகிறது. அந்த நான்கு முகங்களையும் அதன் பிள்ளைகளே எடுக்க வேண்டும். அடுத்த முறை ஷட்டரில் விரலை வைக்கும்போது ஒரு மூச்சு நிறுத்தி, ‘இதில் எது முக்கியம்?’ என்று உங்களையே கேளுங்கள். விடை வந்தபின் அழுத்துங்கள்.